வாசிச்சுட்டுப் போடுதேன்

அந்த அம்மா ஒரு தாளைக் கையில் வாங்கினால் போதும், எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். ஒருவர் வகுப்புக்குப் போவார், இன்னொருவர் போன் வந்ததுபோல வெளியே நடப்பார். காரணம், அவருக்கு மனதுக்குள் வாசிக்கும் பழக்கம் கிடையாது. ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, மாதா கோயில் மைக்கில் அறிவிப்பு வாசிப்பதுபோல உரக்க வாசிப்பார். 'மேற்படி', 'ஏகமனதாக', 'கீழ்க்கண்டவாறு' என்று எதையும் விட மாட்டார். வாசித்து முடித்து, அதில் இருப்பது உண்மை என்று அவருக்குத் தோன்றினால்தான் பேனாவைத் திறப்பார். அவசரப்படுத்தினால் ஒரே பதில்தான்.

"வாசிச்சுட்டுப் போடுதேன் சார்."

ஆசிரியர் அறையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தது நான்தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் இடையில் இருந்த ஒரு அரசு நடுநிலைப் பள்ளி அது. நான் அங்கே அறிவியல் டீச்சர். டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்த அம்மாவின் மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தாள். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அந்த அம்மா எறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை பார்த்தார். எட்டாம் வகுப்புவரை அதே பள்ளியில் படித்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளிக்கு வரும் பணத்தைத் தலைமையாசிரியரும் அந்தத் தலைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். அந்த வருடம் கூட்டத்தில் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இவரைக் காட்டி, "அந்த அம்மாவயே போட்டுருவோம் டீச்சர், வாயத் தெறக்க மாட்டாவ" என்றார் தலைமையாசிரியர். வேலை முடிந்து வந்த அசதியில் அவர் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டு சுற்றி வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவரிடம் வந்ததும் நின்றுவிட்டது. வாசித்தார். "பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குப் பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் ஆகியவை வாங்கப்பட்டு, கழிப்பறை நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது."

நிமிர்ந்தார். "எந்தக் கழிப்பறை சார்?"

தலைமையாசிரியர் சிரித்தார். "நம்ம பள்ளிக்கூடத்துதாம்மா. ஃபார்மாலிட்டிக்கு எழுதுறது."

"வாங்க, போய்ப் பாத்துட்டு வந்து போடுதேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்புறம் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் குரல் கேட்டது. கழிப்பறை வாசலில் நின்று அதே வரியை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். "நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது." ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு அறைகள். ஒன்றுக்குக் கதவு இல்லை. மற்றதற்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. மோட்டார் எரிந்துபோன நாளிலிருந்து தண்ணீர் கிடையாது. பீங்கான் வெள்ளையா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்ததன்மேல் ஈரமாகி, அது காய்ந்து, அதன்மேல் மறுபடியும் ஈரமாகி, மஞ்சளும் கறுப்புமாய் ஏறிக்கிடக்கும். மூலையில் புழு நெளியும். மத்தியானம் காற்று திரும்பினால் அந்த நாற்றம் வகுப்புக்குள் வரும். ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருக்கும் நான், "ஏளா, அந்த ஜன்னலைச் சாத்து" என்று சொல்லிவிட்டு ஒளிச்சேர்க்கையைத் தொடர்வேன். ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. ஒரு அம்மா தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அதன் சாவி என் கைப்பையில் இருக்கும். ஏழு வருடம் அந்தச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினேன்.

அந்த அம்மா திரும்பி வந்து நோட்டை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. மற்ற பெற்றோர் போனபின் தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொன்னார். எனக்கும் கேட்டது.

"நான் ஒரு ரூபா எடுக்கலம்மா. வர்ற பணம் கரண்டு பில்லுக்கே சரியாப் போவுது. சாக்பீஸ் நான்தான் வாங்குதேன். கரண்டு பில்லுக்கு இவ்வளவுதான்னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல போனா ஒத்துக்க மாட்டாங்க. அதான் கூடப் போறதைப் பினாயில்னு எழுதுதேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதான்."

அந்த அம்மா நோட்டைத் திறந்து மறுபடி அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு கேட்டார். "பள்ளிக்கூடத்துக்கு என்னெல்லாம் வேணும்னு யாரு சார் பாக்காவ?"

"யாரும் பாக்கலம்மா. பிள்ளையள எண்ணுதாங்க. இத்தனை பிள்ளைன்னா இவ்வளவு. பிள்ளை கொறஞ்சா அதுவும் கொறையும்."

"கக்கூஸ் நாறுதுன்னுதானே சார் பிள்ளையள வேற பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறாவ? கூட்டிட்டுப் போயிட்டா காசு கொறையும். காசு கொறஞ்சா இன்னும் நாறும். இத எவன் எழுதுனான்?"

பி.எட். படித்து, கல்விக் கொள்கை பற்றிப் பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தவள் நான். எறால் உரிக்கிறவர் ஒரு நிமிடத்தில் சொன்னது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஒருமுறை, ஏன் இப்படிக் கத்தி வாசிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். கோபப்படவில்லை. "மனசுக்குள்ள வாசிச்சா நானே ஏமாந்திருவேன் டீச்சர். காதுல விழுந்தாத்தான் பொய்யி பொய்யின்னு தெரியுது" என்றார்.

துறைமுகத்தில் தொழில் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து பள்ளிக்கு உதவ வந்தார்கள். மோட்டார் வாங்கித் தருவார்கள் என்று நினைத்தோம். ரோட்டைப் பார்த்த சுவரில் மட்டும் பெயிண்ட் அடித்து, மீன் பள்ளிக்கூடம் போவதுபோல, நண்டு புத்தகம் படிப்பதுபோலப் படம் வரைந்து, ஆள் உயரத்துக்குத் தங்கள் பெயரை எழுதினார்கள். விழா வைத்தார்கள். கடைசியில் தலைவி கையெழுத்துப் போட வேண்டிய நன்றிக் கடிதத்தை நீட்டினார்கள். அவர் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தார்.

"எங்கள் பள்ளியை முழுமையாகச் சீரமைத்துத் தந்த தங்கள் நிறுவனத்திற்கு..." விரல் நின்றது. "முழுமையாகன்னு போட்டிருக்கியளே சார். செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கு நன்றின்னு எழுதித் தாங்க. இப்பமே போடுதேன்."

வந்திருந்தவர்களின் முகம் சுருங்கியது. எங்களுக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "படிப்பறிவு கம்மி சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் எங்களுக்குத் தந்த டிராவல் பேக்கை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

அவர் மகள் ஒருநாள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். காய்ச்சல், அடிவயிற்றில் வலி. பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது டாக்டரம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணியே குடிக்க மாட்டியா? ஏன்?"

"குடிச்சா போணும்லா" என்றாள் அவள்.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். அவள் மட்டுமில்லை, அவள் வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளும் அப்படித்தானாம். எனக்குத் தெரியாது என்றேன். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பிள்ளை எங்க படிக்கி டீச்சர்?"

டவுனில் ஒரு தனியார் பள்ளி. பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் அவர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போக ஆரம்பித்தார். அரைநாள் கூலி போகும். பதில் வரும். 'தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அதை எங்கள் வராண்டாவில் நின்று வாசிப்பார். அடுத்த பதில் அந்த உரிய அலுவலரிடமிருந்து வரும். 'தங்கள் மனு மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது.' அதையும் வாசிப்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினார். திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு பள்ளி, உடன்குடிப் பக்கம் பனைக்காட்டுக்குள் மூன்று என்று, மேலாண்மைக் குழுத் தலைவிகளாக இருந்த அம்மாக்களைத் தேடிப் போனார். அவர்கள் பள்ளித் தீர்மான நோட்டை வாங்கி அவர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டினார். எல்லா நோட்டிலும் பினாயில் இருந்தது. எந்தப் பள்ளியிலும் பினாயில் இல்லை. ஆறு பள்ளி அம்மாக்கள் சேர்ந்து ஒரே மனு எழுதினார்கள். தலையை எண்ணிக் காசு கொடுக்காதீர்கள், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வந்து பார்த்துக் கொடுங்கள், இருபது பிள்ளை இருந்தாலும் கக்கூஸ் கக்கூஸ்தான். இதுதான் அந்த மனு.

அந்த மனுவில் வெறும் புகார் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பொய் பில்லை ஏன் எழுதுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் நேராகத் தலைமையாசிரியரிடம் வந்தார்.

"சார், உள்ளதச் சொன்னா உங்களுக்குத்தான் அடி விழும். சொல்லட்டா, வேண்டாமா?"

எங்கள் தலைமையாசிரியர் பயந்தவர். அதிகாரி வருகிறார் என்றால் காலையிலேயே வியர்க்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எது எதற்காக வாங்கியது, அதை எதுவென்று எழுதினேன் என்று ஒரு பக்கம் முழுக்கத் தன் கையால் எழுதினார். அந்த அம்மா வாங்கி வாசித்தார். அன்றைக்குத்தான் எங்கள் அலுவலக அறையில் அவர் நிறுத்தாமல் ஒரு தாளை வாசித்து முடித்ததைக் கேட்டேன்.

அந்தத் தாளையும் சேர்த்து மனு போனபின் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கழிப்பறைப் பக்கம் போகவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, தலைமையாசிரியரை வெளியே நிற்க வைத்தார். டவுனிலிருந்து முந்திரி மக்ரூன் வாங்கிவரச் சொல்லி முந்தின நாளே அவர் ஆபீசிலிருந்து எனக்குப் போன் வந்திருந்தது. வாங்கிப் போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"டவுனுக்கு மாறுதல் கேட்டிருக்கீங்க போல, டீச்சர்?"

"ஆமா சார்."

"எழுதிக்கிடுங்க."

மிரட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மக்ரூன் தூள் அவர் உதட்டோரத்திலும் சட்டையிலும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. எழுதி முடித்ததும், "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் புளித்தண்ணீர் ஊறுகிறது. நன்றி சொல்லியிருக்கிறேன்!

தலைமையாசிரியருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பொய் பில் எழுதினார் என்பது மட்டும்தான் குற்றம். ஏன் எழுதினார் என்பது அதில் எங்கேயும் இல்லை. அந்த அம்மாவை நீக்கிவிட்டு வேறு ஒரு தலைவியைப் போட்டார்கள். எனக்கு டவுன் பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு என் வாக்குமூலத்தின் நகலை வாங்கியிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி விரலை வைத்து வாசித்தார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கள் பள்ளிக்கு வழங்கப்படும் நிதி போதுமானதாக உள்ளது. கழிப்பறை பராமரிக்கப்படாததற்குத் தலைமையாசிரியரின் கவனக்குறைவே காரணம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வெளியாட்களின் தூண்டுதலால் மனு கொடுத்துள்ளார்."

அதன் கீழே என் பெயர், என் பதவி. அதையும் வாசித்தார். பிறகு கேட்டார். "வெளியாள்னா யாரு டீச்சர்?"

நான் மறுபடியும், உள்ளே வாருங்கள் என்றேன்.

"நான் சண்டைக்கு வரல. அடுத்த வாரம் சாருக்கு விசாரணை. அங்கன இந்தத் தாளத்தான் சாட்சின்னு வச்சிருக்காவ. நடந்தது என்னன்னு நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. அவருக்குப் பென்ஷன் கெடைக்கும். எங்க மனுவுக்கும் அது ஒரு பலம். நீங்க ஏழு வருசமா அங்கன இருந்திருக்கிய. நான் சொன்னா ரேடியோம்பாவ, நீங்க சொன்னா கேப்பாவ."

'ரேடியோ' என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நாளைக்கு இதே நேரம் வாருங்கள், எழுதி வைக்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "பைத்தியமா உனக்கு? இங்கன போட்டவன் நாளைக்கே தூக்கி அடிப்பான்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் எழுதவில்லை என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியருக்கு இரண்டு ஊதிய உயர்வு போனது. தூரத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றி, அங்கிருந்தே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். பென்ஷன் வரப் பல மாதம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். ஆறு பள்ளி அம்மாக்கள் விடவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமையாகப் போய், உட்கார்ந்து, வாசித்து, அந்த ஆறு பள்ளிக்கும் மோட்டாரும், கழிப்பறை கழுவ ஆளும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வாங்கினார்கள். தலையை எண்ணுவதை நிறுத்தச் சொன்ன மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. என் பழைய பள்ளிக் கழிப்பறையில் இப்போது தண்ணீர் வருகிறதாம். திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டியது, என்னை எழுதிக்கொள்ளச் சொன்ன அதே அதிகாரி. போட்டோ பேப்பரில் வந்தது. அந்த அம்மா போட்டோவில் இல்லை.

ஆனால் எழுதி வைக்கிறேன் என்று நான் சொன்ன அந்த மறுநாள் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

கேட் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்தான். நான் சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து யூனிஃபார்ம்கூட மாற்றாத என் மகளிடம், "அம்மா இல்லைன்னு சொல்லு" என்றேன். அவளுக்கு அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அம்மா வீட்ல இல்ல ஆன்ட்டி."

"எப்பம்மா வருவாவ?"

"தெரியாது."

"எதுவும் எழுதிக் குடுத்துட்டுப் போனாவளா? தாளு?"

"இல்ல ஆன்ட்டி."

என் செருப்பு வாசலில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"நீ என்ன படிக்க?"

"சிக்ஸ்த்."

"நல்லாப் படி. வாய்விட்டு வாசிக்கணும், என்ன? அம்மாட்ட நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். மகள் சமையலறைக்கு வந்தாள். நான் அடுப்பில் வேலை இருப்பதுபோலத் திரும்பி நின்றேன்.

"ஏம்மா இல்லைன்னு சொல்லச் சொன்ன?"

ஏதாவது சொல்ல வேண்டுமே. "அது எறால் கம்பெனில வேலை பாக்குற பொம்பளை. உள்ள விட்டா வீடெல்லாம் நாறும்" என்றேன்.

அவள் அங்கேயே நின்றாள். பிறகு, யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், பார்த்ததைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அவங்க குளிச்சு, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிட்டுதாம்மா வந்திருந்தாங்க."